தூரிகை எழுதிய உரை

ஒரு முழத்துக்கும் குறைவான அகலமுள்ள தாள் அது. அதன் ஒரு பக்கத்தில் இராமனும் இலக்குவனும் இந்திரசித்தின் அம்புகளால் கட்டுண்டு தரையில் கிடக்கிறார்கள். வானரங்கள் செய்வதறியாது சூழ்ந்து நிற்கின்றன. மறுபக்கம் இலங்கை. மாளிகைக்குள் இராவணன் மகனின் வெற்றிச் செய்தியைக் கேட்கிறான். சீதையைக் கூட்டிப்போய் அந்தக் காட்சியைக் காட்டும்படி அரக்கியரை ஏவுகிறான். புட்பக விமானத்தில் திரிசடையோடு அமர்ந்திருக்கும் சீதை கீழே கிடப்பவர்களைப் பார்க்கிறாள். ஏவிய நேரமும் போன நேரமும் பார்த்த நேரமும் ஒரே தாளில் இருக்கின்றன. ஒரு சம்பவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைக் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. கதை தெரிந்தவருக்கு அந்த வழி தானே திறக்கும். தெரியாதவருக்கு இது ஒரு கூட்ட நெரிசல்.

1650-களின் தொடக்கத்தில் உதய்பூரில் இதைத் தீட்டியவர் சாஹிப்தீன் என்ற முஸ்லிம் ஓவியர். தீட்டச் சொன்னவர் தன்னைச் சூரிய குலத்து வாரிசாகக் கருதிய மேவார் அரசர். இந்த ஏட்டை எப்படிப் படிப்பது என்ற கேள்விதான், இந்தியச் சிற்றோவியங்களில் இராமாயணமும் பாரதமும் அடைந்த வடிவங்களை மொத்தமாகப் பார்க்க என்னைத் தூண்டியது. இவற்றை நூலுக்குப் போட்ட படங்கள் என்று சொல்லிக் கடந்துபோவது பெரும் பிழை. நமக்கு உரை மரபு தெரியும். ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொல்வார், பரிமேலழகர் வேறொன்று சொல்வார். இருவரும் குறளை மாற்றுவதில்லை, ஆனால் குறள் நமக்கு வந்து சேரும் விதத்தை மாற்றிவிடுகிறார்கள். காப்பியத்தைத் தீட்டிய ஓவியர்களை அந்த உரையாசிரியர்களின் வரிசையில்தான் வைக்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். மினியேச்சர் என்பதை நாம் சிற்றோவியம் என்கிறோம். அந்த ஐரோப்பியச் சொல்லின் வேர் அளவில் இல்லை. சுவடிகளில் எழுத்தைச் சிவப்பாக்கப் பயன்பட்ட ஈயச் செந்தூரத்தின் இலத்தீன் பெயரான மினியத்தில் இருக்கிறது. நாம் பார்க்கப்போகும் சில ஏடுகள் இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டிய அளவுள்ளவை. ஜோத்பூரில் ஒரு மீட்டருக்கு மேல் அகலமான இராமாயண ஏடுகளும் உண்டு. ‘சிறு’ என்பது இங்கே அளவைச் சொல்லவில்லை. அருகே வைத்துப் பார்க்க வேண்டிய ஓவியம் என்று கொள்வதே பொருந்தும்.

தாளில் தீட்டிய காப்பிய ஓவியங்களில் ஆண்டு குறிக்கப்பட்ட பழைய சான்றுகளில் ஒன்று மும்பை ஆசியவியல் கழகத்தில் இருக்கிறது. பாரதத்தின் வனபருவம், 1516-இல் சிக்கந்தர் லோதியின் ஆட்சிக் காலத்தில் ஆக்ராவை அடுத்த ஓர் ஊரில் உருவானது. தட்டையான வண்ணப் பரப்பும், பக்கவாட்டு முகமும், பெரிய கண்ணும், கூரிய மூக்குமாக உருவங்கள் நிற்கின்றன. பின்னணி பெரும்பாலும் ஒரே வண்ணம். சமணச் சுவடிகளின் ஓவிய மரபிலிருந்து விலகிப் புதிய ஒன்று பிறப்பதை அதில் காணலாம். ஆனால் காப்பியம் முழுவதையும் நூற்றுக்கணக்கான காட்சிகளாகப் பிரித்துத் தீட்டும் பெருந்திட்டம் அங்கே இல்லை. அது முகலாய அரண்மனையில் தொடங்கியது.

அக்பர் 1580-களின் தொடக்கத்தில் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்க ஆணையிட்டார். அதற்கு ரஸ்ம்நாமா, அதாவது போர் நூல், என்று பெயர். வடமொழி அறிந்த பிராமணர்கள் சுலோகத்தைப் பேச்சுமொழியில் விளக்க, நகீப் கான் முதலானோர் அதைப் பாரசீக உரைநடையாக்கினார்கள். வரலாற்றாசிரியர் பதாயூனியும் இந்தப் பணியில் இருந்தார். மனம் ஒப்பாமல்தான் செய்தேன் என்று தன் வரலாற்று நூலில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் அடுத்து இராமாயணமும் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1587-இல் அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் பஸல் பாரதத்துக்கு முன்னுரை எழுதினார். இரு சமயத்தாரும் ஒருவர் நூலை மற்றவர் அறியாமல் பகைமை பாராட்டுவது தீர வேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் நோக்கங்களுள் ஒன்று.

அரசருக்கென்று செய்த ரஸ்ம்நாமா இன்று ஜெய்ப்பூர் அரச குடும்பத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதில் ஏறக்குறைய 170 ஓவியங்கள். ஓவியத்தின் அடியில் எழுத்தர்கள் சிறு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள்: தரஹ் இன்னார், அமல் இன்னார். காட்சியை அமைத்துக் கோடிட்டவர் ஒருவர், வண்ணம் தீட்டி முடித்தவர் இன்னொருவர் என்பது பொருள். பசாவன், லால், தஸ்வந்த் முதலியோர் காட்சி அமைத்தவர்கள். இந்தக் குறிப்புகளைப் பார்க்கும்போது தஸ்வந்தின் பெயரில் கண் நின்றுவிடுகிறது. பல்லக்குத் தூக்குபவரின் மகன். சுவர்களில் கிறுக்கிக்கொண்டிருந்த சிறுவனை அக்பர் கண்டு பாரசீக ஓவியர் அப்துஸ் சமதிடம் பயிற்சிக்கு விட்டதாக அபுல் பஸல் எழுதுகிறார். பாரதப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே, 1584-இல், மனநலம் குலைந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் அமைத்த ஏறக்குறைய முப்பது காட்சிகள் ரஸ்ம்நாமாவில் உள்ளன. அவர் வேலையில் காணும் கொந்தளிப்பை அவர் முடிவோடு முடிச்சுப் போடுவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. பாரதமே கொந்தளிப்பான நூல்தானே.

இந்த ஓவியர்களுக்கு முன்னே வழிகாட்டி எதுவும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. கோயில் சிற்பத்தில் பாரதம் இருந்தது. ஆனால் கதை முழுவதையும் காட்சி காட்சியாகத் தாளில் நகர்த்திய முன்மாதிரி அவர்கள் கையில் இல்லை. அதனால் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டார்கள். அரக்கர்கள் பாரசீக ஷாநாமா ஓவியங்களின் பூதங்களைப் போலக் கொம்பும் புள்ளி போட்ட உடலுமாக வந்தார்கள். அந்தப் பூதத்துக்குப் பாரசீகத்தில் ‘தேவ்’ என்று பெயர். வடமொழியின் ‘தேவ’வும் அதுவும் ஒரே வேரிலிருந்து எதிரெதிர்த் திசையில் போன சொற்கள். ஒரு சொல் எல்லை தாண்டும்போது தேவன் அசுரனாகிறான். அதே எல்லையில் நின்றுதான் இந்த ஓவியர்கள் வேலை செய்தார்கள். குருட்சேத்திரத்து வீரர்கள் முகலாயக் கவசம் அணிந்து முகலாயக் குதிரைகளில் போனார்கள். அதைக் காலப்பிழை என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. அக்பரின் போர்க்களங்களைக் கண்ணால் கண்டவர்கள் அல்லது கண்டவர்களிடம் கேட்டவர்கள் தீட்டிய பாரதம் அது. யானை மிதித்து நசுங்கியவனின் உடல் எப்படிக் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அரசர் தன் அமீர்களையும் பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னார். 1598-99-இல் செய்த இன்னொரு ரஸ்ம்நாமா இன்று ஏடு ஏடாக உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது. ஒரு பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அக்பரின் தாய் ஹமீதா பானு பேகத்திடம் தனியாக ஓர் இராமாயணம் இருந்தது. 1594-இல் முடிந்த அந்தச் சுவடி இப்போது கத்தாரின் தோஹா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகலாயப் பேரரசின் முதிய அரசி சீதையின் கதையை ஏடு புரட்டிப் பார்த்திருக்கிறாள் என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. தளபதியும் பிரஜ் மொழிக் கவிஞருமான அப்துர் ரஹீம் கான்-இ-கானான் தனக்கென்று ஓர் இராமாயணம் செய்வித்தார். வாஷிங்டனின் பிரீர் காட்சியகத்திலுள்ள அதில் 130 முழுப்பக்க ஓவியங்கள். அரசரின் அனுமதியோடு இதைச் செய்வித்தேன் என்று ரஹீம் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். அதில் வேலை செய்தவர்களில் ஷியாம் சுந்தரும் உண்டு, குலாம் அலியும் உண்டு.

இந்த இடத்திலிருந்து மேவாருக்குப் போவது வெறும் ஊர் மாற்றம் அன்று. 1568-இல் சித்தோர் கோட்டையை அக்பரின் படை வீழ்த்தியது. 1615-இல்தான் மேவார் முகலாயரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. சித்தோரைப் பழுதுபார்க்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. 1628-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் ஜகத் சிங் அந்த நிபந்தனையை மீறி மதில்களைச் செப்பனிடத் தொடங்கினார். உதய்பூரில் ஜகதீஷ் கோயிலை எழுப்பினார். அதே ஆண்டுகளில், 1649-க்கும் 1653-க்கும் இடையில், வால்மீகி இராமாயணம் முழுவதையும் நானூறுக்கு மேற்பட்ட ஓவியங்களோடு எழுதுவித்தார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது. இராமனின் குலம் இன்னும் இருக்கிறது என்பதே அந்தப் பேச்சு. 1654-இல் ஷாஜகானின் படை வந்து சித்தோரின் புதிய மதில்களை இடித்தது. அப்போது ஜகத் சிங் உயிரோடு இல்லை. மதில் போயிற்று, ஏடுகள் மிஞ்சின.

அந்த ஏடுகளை எழுதியவர் சமணரான மகாத்மா ஹீரானந்தர். பாலகாண்டத்தைத் தீட்டியவர் மனோகர். அயோத்தியா காண்டமும் யுத்த காண்டமும் சாஹிப்தீனின் பொறுப்பில் வந்தன. கிட்கிந்தைக்கு வேறு கை, வேறு பாணி. சாஹிப்தீன் அதற்கு முன்பே 1628-இல், இசையின் ராகங்களை ஓவியமாக்கும் ஒரு ராகமாலை வரிசையில் தன் பெயரைப் பதித்தவர். அவருக்கும் முன்னால், 1605-இலேயே, மேவாரின் சாவண்டில் நிசார்தீன் என்ற முஸ்லிம் ஓவியர் ராகமாலை தீட்டியிருந்தார். ஆக மேவாரில் முஸ்லிம் ஓவியர் தீட்டியது புதுமையோ விதிவிலக்கோ அன்று. மேவாரின் வழக்கமே அதுதான்.

சாஹிப்தீனின் அயோத்தியைப் பாருங்கள். முன்சுவரை எடுத்துவிட்ட வீடுபோல அரண்மனை திறந்து கிடக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு வண்ணம்: சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை. ஓர் அறையில் கைகேயி. அடுத்த அறையில் நடப்பது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரிகிறது. நாடகத்தில் அரங்கின் இரு மூலையிலும் ஒரே நேரத்தில் கதை நடந்தால் கிடைக்கும் பதைப்பை இவர் சுவர்களாலேயே உண்டாக்குகிறார். அயோத்தியா காண்டம் முழுக்க உள்வீட்டுக் கதைதான். கதவுக்குப் பின்னால் யார் என்ன சொன்னார் என்பதுதான் அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஆகவே கட்டடத்தையே கதைசொல்லியாக ஆக்கியது அந்தக் காண்டத்தைப் பற்றிய ஒரு கருத்து, ஓர் உரை. யுத்த காண்டத்தில் அதே ஓவியர் சுவர்களைக் குறைத்துவிடுகிறார். அங்கே வானமும் தரையும் ஒன்றாகி, ஒரே ஆள் மூன்று இடத்தில் தோன்றிப் போரிடுகிறான். இடமிருந்து வலமாகப் பார்ப்பதா, மேலிருந்து கீழாகப் பார்ப்பதா என்பதற்கு விதி கிடையாது. சம்பவத்தின் போக்குதான் விதி.

இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. நம் காதில் கம்பன் ஒலித்துக்கொண்டே இருப்பான். கம்பனில் இராவணன் சீதையைத் தீண்டுவதில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். வால்மீகியில் அவளைக் கையால் பற்றித் தேரில் ஏற்றுகிறான். துளசிதாசரில் அவன் கவர்வது மாயச் சீதையை. மேவாரின் ஏடுகள் வால்மீகியைப் பின்பற்றியவை. ஆகவே சீதையைப் பற்றிய கை அவற்றில் இருக்கும். அதைப் பார்த்து ஓவியன் தவறு செய்தான் என்று எண்ணிவிடக் கூடாது. எந்த நூலுக்கு எழுந்த உரை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சுவடியின் பிற்கால வரலாறு வருத்தம் தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராணா பீம் சிங் பல காண்டங்களைப் பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஜேம்ஸ் டாடுக்குக் கொடுத்தார். டாட் அவற்றை சசெக்ஸ் கோமகனுக்குக் கொடுத்தார். 1844-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. துணியில் பொதிந்து தளர் ஏடாக இருந்தவற்றை ஐரோப்பிய முறையில் நூலாகத் தைத்துவிட்டார்கள். மீதி மும்பையிலும் இராஜஸ்தானிலும் வடோதராவிலும் கிடக்க, 2014-இல் பிரிட்டிஷ் நூலகமும் மும்பை அருங்காட்சியகமும் சேர்ந்து இணையத்தில் மீண்டும் ஒன்றாக்கின. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு வானரத்தின் விரல் நகம்கூடத் தெரிகிறது. ஆனால் பண்டிதர் உரக்கப் படிக்க, அரசரின் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஏடு மாறிப்போக, பின்பக்கத்து எழுத்தும் முன்பக்கத்து ஓவியமும் மாறி மாறித் திரும்பும் அந்த அனுபவம் திரையில் கிடைக்காது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் அதுவும் கிடைக்காது. பின்பக்கத்தை மறைத்துவிட்ட காப்பிய ஏடு, மூலப்பாட்டை வெட்டி எறிந்துவிட்டு அச்சிட்ட உரைநூலைப் போன்றது.

மேவாரில் இன்னொரு துணிகரமான முயற்சியும் நடந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மகாராணா ஜெய் சிங்கிற்காக அல்லா பக்ஷ் என்ற ஓவியர் பாரதத்தை ஏறக்குறைய நாலாயிரம் ஏடுகளில் தீட்டினார். அதில் கீதையும் அடக்கம், அதுவும் சுலோகம் சுலோகமாக. கதை ஓடும்போது தீட்டுவது எளிது. ஆனால் கீதையில் கதை நின்றுவிடுகிறது. ஒரு தேர், ஒரு சாரதி, வில்லைக் கீழே வைத்த ஒருவன், பிறகு எழுநூறு சுலோகங்கள். விசுவரூபக் காட்சி வந்தால் ஓவியனுக்குப் பிழைப்பு உண்டு. செயலின்மையில் செயலைக் காண்பது எப்படி என்ற இடத்தில் அவன் எதைத் தீட்டுவான்? அல்லா பக்ஷ் தளராமல் அதே தேரை, அதே இருவரை ஏடுதோறும் நிறுத்தி, சுற்றியுள்ள இடத்தில் அந்தச் சுலோகம் பேசும் பொருளுக்கு உருவம் கொடுக்கிறார். மேலே மேவாரி மொழியில் பொருள் எழுதியிருக்கிறது. அழகில் இவை சாஹிப்தீனுக்கு ஈடாகா. ஆனால் உரை என்ற சொல்லுக்கு இவற்றைவிடப் பொருத்தமான ஓவியங்கள் இந்தியாவில் இல்லை என்பேன். சங்கரரும் இராமானுசரும் உரை கண்ட நூலுக்கு அல்லா பக்ஷும் உரை கண்டிருக்கிறார், தூரிகையால்.

இதைச் சொல்லும்போது ஆனந்த குமாரசாமியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1877-இல் கொழும்பில் பிறந்தவர். ஈழத் தமிழரான முத்துக் குமாரசாமியின் மகன். இந்திய ஓவியம் என்றாலே முகலாய ஓவியம் என்று உலகம் நினைத்திருந்த நாளில், 1916-இல் வெளிவந்த ‘ராஜபுத்திர ஓவியம்’ என்ற நூலில், இராஜஸ்தானிலும் பஞ்சாப் மலைநாட்டிலும் வேறொரு பெரும் மரபு இருக்கிறது என்று நிறுவினார். தான் திரட்டிய ஓவியங்களை இந்தியாவில் ஒரு தேசியக் காட்சியகத்துக்குத் தர முன்வந்தார். அது நடக்கவில்லை. 1917-இல் அத்தொகுப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, அவரும் அங்கே போனார். இந்த ஓவியங்களைக் கலையாகப் பார்க்க உலகுக்குக் கண் கொடுத்தவர் அவர். அந்த நன்றியோடுதான் அவரோடு முரண்பட வேண்டியிருக்கிறது.

முகலாய ஓவியம் அரண்மனை சார்ந்தது, தனிமனிதரைப் போற்றுவது, உலகியல். ராஜபுத்திர ஓவியம் இந்து, மக்கள் சார்ந்தது, பக்தி, பெயரற்றது என்று அவர் பிரித்தார். காப்பிய ஓவியங்களை வைத்துப் பார்த்தால் இந்தக் கோடு எங்குமே நிற்பதில்லை. முகலாய அரண்மனைதான் காப்பியத்தை முதலில் முழுதாகத் தீட்டியது. அங்கே காட்சி அமைத்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மேவாரில் இராமாயணத்தின் மிகச் சிறந்த காண்டங்களையும் கீதையையும் தீட்டியவர்கள் முஸ்லிம்கள். சமயத்தைக் கொண்டு பாணியைப் பிரிக்க முற்பட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. குமாரசாமியின் காலத்தில் சாஹிப்தீனின் வேலை முழுமையாக வெளிச்சத்துக்கு வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் போட்ட கோட்டை இன்றும் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

‘பெயரற்றது’ என்ற பகுதியை உடைத்தவர் கலை வரலாற்றாசிரியர் பி. என். கோஸ்வாமி. ஹரித்துவாரத்தில் தீர்த்தப் புரோகிதர்களான பண்டாக்கள் வைத்திருக்கும் வழிவழிப் பேரேடுகளில் யாத்திரை வந்தவர்கள் தம் குலம், ஊர், தொழில் எல்லாவற்றையும் எழுதிவைப்பது வழக்கம். மலைநாட்டு ஓவியர் குடும்பங்களும் அங்கே போயிருக்கின்றன. அந்தப் பேரேடுகளைப் புரட்டி, தச்சர் மரபில் வந்த ஓவியர் குடும்பங்களின் கொடிவழியை எடுத்தார். பாணி என்பது அரசோடும் ஊரோடும் ஒட்டியதன்று, குடும்பத்தோடு போவது என்று 1968-இல் எழுதினார். குலேரின் பண்டித சேயுவும் அவர் மக்கள் மானகுவும் நயினசுகும் அப்படித்தான் நமக்கு மனிதர்களாகத் திரும்பி வந்தார்கள். நயினசுக் 1763-இல் ஹரித்துவாரப் பேரேட்டில் தன் கையால் எழுதிய பதிவில் ஒரு சிறு சித்திரமும் போட்டிருக்கிறார். கும்பிட வந்த இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை.

மலைநாட்டு இராமாயணங்களில் ஷாங்ரி வரிசை என்ற ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டு முடிந்து பதினெட்டு தொடங்கும் காலத்தது. ஷாங்ரியில் இருந்த அரச குடும்பத்தின் கையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். குலு என்று சிலர் சொன்னார்கள், ஜம்முப் பக்கத்து பாஹு என்று பின்னர் வேறு சிலர் சொன்னார்கள். எந்த ஊராக இருந்தாலும் அதன் வண்ணத் துணிச்சலுக்கு ஈடு இல்லை. மஞ்சள் மஞ்சளாகவே, சிவப்பு சிவப்பாகவே பரந்து கிடக்கிறது. நடுவில் ஒரு மரம், இரண்டு மனிதர், ஒரு பார்வை. சாஹிப்தீன் ஒரு தாளில் பத்துச் சம்பவம் வைத்தால், இவர்கள் ஒரு சம்பவத்தை எடுத்து அதைச் சுற்றி வெற்றிடத்தை வைத்தார்கள். கரடிகளுக்கும் குரங்குகளுக்கும் இவர்கள் கொடுத்த முகபாவங்கள் வேறெங்கும் இல்லாதவை. மலைநாட்டின் இன்னோர் ஊரான பசோலியில் நகைகளில் மரகதம் வர வேண்டிய இடத்தில் பொன்வண்டின் சிறகுத் துண்டை வெட்டி ஒட்டினார்கள். இன்றும் தாளைச் சாய்த்தால் அது மினுங்குகிறது.

மானகு ஷாங்ரி ஓவியர்களிலிருந்து வேறுபட்ட கலைஞர். 1725-ஐ ஒட்டி குலேரில் அவர் தொடங்கிய யுத்த காண்ட வரிசைக்கு ‘இலங்கை முற்றுகை’ என்ற பெயரை நிலைக்கவைத்தவர் குமாரசாமிதான். அவர் அதை ஜம்மு ஓவியம் என்றும் காலத்தால் முந்தியது என்றும் கருதினார். இப்போது மானகுவின் வேலை என்று ஏற்கப்பட்டுள்ளது. தாள் பெரியது, ஏறக்குறைய அறுபதுக்கு எண்பது சென்டிமீட்டர். பொன்மதில் சூழ்ந்த இலங்கை ஒரு பக்கம். அதற்குள் பத்துத் தலையும் இருபது கையுமாக இராவணன். வெளியே இலை உடுத்த இராமனும் இலக்குவனும், குன்றெங்கும் வானரமும் கரடியும். இடையில் பெரும்பாலும் வெட்ட வெளி. இராவணனின் ஒற்றர்களான சுகனும் சாரணனும் குரங்கு வேடமிட்டு வந்து, வீடணன் கண்ணில் பட்டு, இராமன் முன் நிறுத்தப்பட்டு, உயிரோடு விடப்படும் ஏடு நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒற்றர்கள் அந்த ஒரே ஏட்டில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறார்கள். சாஹிப்தீனின் உத்திதான், ஆனால் இங்கே நெரிசல் இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் நடுவில் மூச்சு விட இடம் இருக்கிறது. போருக்கு முன் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கும் அந்த நீண்ட காத்திருப்பு, வால்மீகியில் சருக்கம் சருக்கமாகப் பேச்சாக ஓடும் பகுதி, மானகுவின் கையில் வெளியாக மாறிவிடுகிறது. இலங்கைக்கும் பாசறைக்கும் நடுவிலுள்ள அந்த வெறுமையைப் பார்த்த பிறகுதான் யுத்த காண்டத்தின் முன்பாதி எவ்வளவு மெதுவாக நகர்கிறது, ஏன் அப்படி நகர்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

நயினசுகுக்கும் மானகுவுக்கும் அடுத்த தலைமுறைகளில் அவர்கள் மக்களும் பேரர்களும் 1775-ஐ ஒட்டியும் பின்னும் தீட்டிய இராமாயணங்கள் மென்மையானவை. மலைச்சரிவில் மூங்கில் அசைகிறது, ஆறு வளைகிறது, வனவாசம் ஓர் உலாபோல இருக்கிறது. கண்ணுக்கு இனியவைதாம். ஆனால் வனவாசத்தின் வலி அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை. அதே குடும்பத்தார் நளன் கதையைத் தொட்டபோது இந்த இனிமையே பலமாகிவிட்டது. ஸ்ரீஹர்ஷரின் நைஷதத்தை ஒட்டிய அந்த ஓவியங்கள் ஜம்முவின் அமர் மகால் அருங்காட்சியகத்தில் உள்ளன. தமயந்தியின் மாளிகை வாழ்வை இவ்வளவு நெருங்கிச் சென்று வேறு யாரும் தீட்டியதில்லை.

மத்திய இந்தியாவின் மால்வா இராமாயணங்கள் சிக்கனமானவை. கருநிறப் பின்னணியும் பட்டையான கோடுமாக நாட்டுப்புறக் கூத்தை நினைவூட்டுபவை. துளசிதாசரின் நூலுக்கு ஜோத்பூரில் 1775-ஐ ஒட்டி மாபெரும் ஏடுகள் எழுந்தன. காசி அரசர் உதித் நாராயண் சிங் 1796 முதல் 1814 வரை செய்வித்த பொன்னெழில் இராமாயணத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள். பல ஊர்க் கைகள் அதில் கலந்திருக்கின்றன. செழிப்பு உண்டு; மானகுவிடம் உள்ள சிந்தனை இல்லை.

இந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. இராமாயணத்துக்கு வரிசைமேல் வரிசை. பாரதமோ அக்பரின் அரண்மனையையும் மேவாரையும் விட்டால் முழுமையாக அரிதாகவே கிடைக்கிறது. நூலின் நீளம் ஒரு காரணம். பாரதத்தை முழுதாக வீட்டில் வைத்துப் படித்தால் கலகம் வரும் என்ற நம்பிக்கை வடக்கிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. இதையும் ஒரு காரணமாக எண்ண இடமிருக்கிறது. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஏடு செய்வித்தவர்கள் அரசர்கள். இராமாயணத்தில் அவர்கள் தம்மை இராமனாகப் பார்த்துக்கொள்ளலாம். பாரதத்தில் எந்த அரசனாகப் பார்த்துக்கொள்வது? பங்காளிச் சண்டையில் குலமே அழியும் கதையை, பங்காளிச் சண்டையிலேயே வாழ்ந்த குடும்பங்கள் கையில் வைத்துப் புரட்ட விரும்பியிருக்க மாட்டார்கள். புதிதாக நாட்டைப் பிடித்தவரின் பேரனான அக்பரால் அது முடிந்தது.

மானகுவின் இலங்கை முற்றுகை முடியவில்லை. சில ஏடுகள் முழுதாகத் தீட்டப்பட்டவை, சில பாதியில் நின்றவை, சில வெறும் கோட்டோவியம். இந்த முடியாமையால் நமக்கு ஒரு பெரும் பேறு கிடைத்திருக்கிறது: வேலை நடந்த விதத்தைக் கண்ணால் பார்க்கிறோம். பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கெட்டியாக்கி, முதலில் செங்கோடு. அதைத் திருத்திக் கருங்கோடு. மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு. பூச்சின் ஊடாகக் கோடு மங்கலாகத் தெரியும். தாளைக் கவிழ்த்து வழவழப்பான கல்லால் பின்பக்கம் தேய்த்து மெருகேற்றிவிட்டு, அணில் வால் மயிர்த் தூரிகையால் பரந்த பின்னணி வண்ணங்கள். மாவிலை தின்ற பசுவின் சிறுநீரிலிருந்து எடுத்த மஞ்சளும், அவுரி நீலமும், ஜாதிலிங்கச் சிவப்பும் இந்த ஓவியர்களின் வண்ணப்பெட்டியில் வழக்கமானவை. பிறகு ஆடை, பிறகு ஆயுதம், பிறகு பொன். முகம் கடைசியில், கண் எல்லாவற்றுக்கும் கடைசி.

பாஸ்டனில் இருக்கும் ஏடுகளில் சிலவற்றில் வண்ணம் பாதியில் நிற்கிறது. இலங்கையின் மதிலுக்கு மஞ்சள் வந்திருக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு வந்திருக்காது. கோட்டோவியமாகவே நின்றுவிட்ட ஏடுகளில் வானரச் சேனை தாளின் நிறத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு வாலும் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதை மானகு முடிவு செய்துவிட்டார். யார் யாரைப் பார்க்கிறார் என்பதையும் முடிவு செய்துவிட்டார். அதற்கு மேல் தூரிகை வரவில்லை. இராமன் இன்னும் நீலமாகவில்லை. இராவணனின் இருபது கைகளிலும் ஆயுதங்கள் வெறும் கோடாக இருக்கின்றன, அவனுக்கும் அரண் பொன்னாகவில்லை. இருவரும் ஒரே வெள்ளைத் தாளில், ஒரே மெல்லிய கோட்டில், எதிரெதிரே காத்திருக்கிறார்கள்.